அத்தியாயம் 3: லிங்க் அனுப்பத் தேவையில்லாத பெயர்

சேலத்திலிருந்து ஓர் அம்மா, நாச்சியார்கோவிலில் உள்ள விளக்குக் கடைக்குப் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்குச் சீர் வைக்க ஒரு ஜோடிக் குத்துவிளக்கு வேண்டும். வாங்கும் முன் படத்தில் பார்த்துவிட நினைக்கிறார்.

"நம்ம வெப்சைட்டுலயே எல்லா மாடலும் இருக்கும்மா. நாச்சியார்கோயில்விளக்கு டாட் காம்னு போடுங்க."

"கோவிலா, கோயிலா தம்பி?"

"கோயில்மா. நடுவுல வி வராது."

"நாச்சியாருக்கு டி வருமா?"

"வராதும்மா. என், ஏ, சி, எச்..."

"எம்மா?"

"என்னும்மா. நாகப்பட்டினத்துக்குப் போடுவோமே, அந்த என். சரி விடுங்க, வாட்ஸ்அப்புல லிங்க் அனுப்புறேன். தொட்டீங்கன்னா நேரா வந்துடும்."

அந்த அம்மாவுக்கு வேலை முடிந்தது. கடைக்காரரோ தனக்குத் தெரியாமலே ஒரு பாடம் நடத்திவிட்டார்: நம் கடைக்கு வருவதென்றால் வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொட வேண்டும். அடுத்த மாதம் வேறு யாரோ அதே கடைப் பெயரையும் அதே விளக்குப் படத்தையும் போட்டு 'ஆடித் தள்ளுபடி' என்று ஒரு லிங்க் அனுப்பினால், அதையும் அவர் தொடுவார். தொடச் சொல்லிக் கொடுத்ததே கடைக்காரர்தானே.

லிங்க் வழியாக வருகிறவர் யார் லிங்க் அனுப்பினாலும் வருவார். பெயரை நினைவில் வைத்துக்கொண்டு தானே டைப் செய்து வருகிறவரைத் திசைதிருப்புவது கடினம். நம்பகமான டொமைன் எது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: ஒருமுறை காதில் கேட்டவர் தப்பில்லாமல் அடித்து வந்துசேரக்கூடிய பெயர், அதோடு உங்கள் கையைவிட்டுப் போகாத பெயர். ('களப்பெயர்' என்று நூல்களில் எழுதுகிறார்கள். கடைத்தெருவில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. டொமைன் என்றே எழுதுகிறேன்.)

முப்பத்தாறு நாச்சியார்கோவில்கள்

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே முறை கிடையாது. நம் விளக்குக் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'நாச்சியார்' என்பதில் சி எச்-சுக்கு முன்னால் டி போடுவாரும் போடாதாரும் உண்டு. ஒய் சேர்ப்பாரும் சேர்க்காதாரும் உண்டு. ஆக நான்கு வழி. கோவில், கோயில் என்பதை எழுத மூன்று வழி. 'விளக்கு' என்பதில் கே ஒன்றா இரண்டா என்ற கேள்வி, பேச்சில் 'வெளக்கு' என்று சொல்பவர் ஐ-க்குப் பதில் ஈ போட்டு இரண்டு கே எழுதுவார், அங்கே மூன்று. பெருக்கினால் 36. வாடிக்கையாளர் அடிக்கக்கூடிய 36 பெயர்களில் ஒன்றுதான் உங்களுடையது. மற்ற 35 யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளத் திறந்து கிடக்கின்றன.

இது விளக்குக் கடைக்காரரின் குறை அல்ல. 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசே 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் வந்த புதிய எழுத்துகளைப் பார்த்து மக்கள் சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அரசாங்கத்தாலேயே தீர்க்க முடியாத வழக்கை உங்கள் கடை வாசலில் வைத்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். வழக்கே எழாத பெயராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த எழுத்து வந்தால் சிக்கல் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ழ வந்தால் சிலர் இசட் எச் போடுவார்கள், சிலர் வெறும் எல் போடுவார்கள். த வந்தால் தஞ்சாவூருக்குப் போடும் டி, டெல்லிக்குப் போடும் டி, அந்த இரண்டோடும் எச் சேர்த்தது என நான்கு வழி. ச வந்தால் எஸ்ஸா, சி எச்சா? நெடில் வந்தால் ஒற்றை ஏயா, இரட்டை ஏயா? ஒற்று இரட்டித்தால் ஆங்கிலத்திலும் இரட்டிக்குமா? 'வாழைத்தோட்டம்' என்று பெயர் வைத்திருப்பவரை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

குமரன், கமலம் போன்ற பெயர்களில் இந்தப் பொறிகள் ஏறக்குறைய இல்லை. யாரிடம் சொன்னாலும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். 'மணி'யும் அப்படித்தான், பணம் என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல்லாக யாரும் எடுத்துக்கொள்ளாத வரை. நாச்சியார்கோவில் கடைக்காரரின் அம்மா பெயர் கமலம் என்றால், 'கமலம்லேம்ப்ஸ்' போதும். தமிழ்ச் சொல்லை விட்டு ஆங்கிலச் சொல்லை ஒட்டவைக்கச் சொல்வதில் எனக்கும் மகிழ்ச்சி இல்லை. ஆனால் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படித்த ஆங்கிலச் சொல்லை எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்பது நடப்பு. 'விளக்கு' என்ற சொல்லுக்கு உரிய இடம் வேறொன்று இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

பெயரை முடிவு செய்யும் முன் ஒரு சோதனை வையுங்கள். செலவில்லாதது. உங்கள் கடையோடு தொடர்பே இல்லாத ஐந்து பேருக்குப் போன் செய்யுங்கள். ஒருவராவது அறுபது வயது கடந்தவராக இருக்கட்டும். பெயரை ஒரே முறை சொல்லுங்கள், எழுத்துக்கூட்டாமல். பத்து நிமிடம் கழித்து அதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஐந்தில் குறைந்தது நான்கு சரியாக வரவில்லை என்றால் அந்தப் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நடுவில் கோடு வேண்டாம். 'டேஷ்' என்றால் சிலர் அடிக்கோட்டைப் போடுவார்கள்; அடிக்கோடு டொமைனில் செல்லவே செல்லாது. எண்ணும் வேண்டாம்: 'நாலு' என்று சொன்னால் எண்ணா எழுத்தா என்று அடுத்த கேள்வி வரும். விதிப்படி ஒரு பெயர் 63 எழுத்து வரை நீளலாம். பதினைந்தைத் தாண்டினாலே போனில் அடிக்கும் விரல் தடுமாறும். சொற்களை இடைவெளியில்லாமல் சேர்த்த பிறகு வேறு எப்படியாவது படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். நிபுணர்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் 'எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்ற அமெரிக்கத் தளம் இரண்டு சொல்லையும் சேர்த்தே எழுதி வந்தது. பாலின மாற்று சிகிச்சை நிபுணர் என்று ஊரார் பிரித்துப் படித்துச் சிரித்த பிறகு நடுவில் கோடு போட்டுக்கொண்டது.

இன்ஷியலும் பெயரும்

டொமைனை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். ஆனால் அதன் உரிமையாளர் யார் என்பதை வலப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தமிழருக்கு இதை விளக்குவது எளிது. நாம் இன்ஷியலை முன்னால் போடுகிறோம், பெயரைப் பின்னால் எழுதுகிறோம். டொமைனும் அப்படித்தான். டாட் காம், டாட் இன் போன்ற முடிவை, அதாவது வாலை, ஒட்டி இடப்பக்கம் இருப்பது ஆளின் பெயர். அதற்கும் இடப்பக்கம் உள்ளதெல்லாம் இன்ஷியல். இன்ஷியலாக எதை வேண்டுமானாலும் யாரும் போட்டுக்கொள்ளலாம். 'உங்கள்வங்கி டாட் கேஒய்சிஅப்டேட் டாட் காம்' என்று ஒரு முகவரி வந்தால், அதில் வங்கி வெறும் இன்ஷியல்தான். ஆள் 'கேஒய்சிஅப்டேட்'. அது எவனோ.

இதில் கடைக்காரருக்கும் ஒரு வேலை இருக்கிறது. தீபாவளிக்கு ஒரு டொமைன், ஆடிக்கு ஒரு டொமைன் என்று புதிது புதிதாக வாங்காதீர்கள். 'கமலம்லேம்ப்ஸ்தீபாவளி டாட் இன்' என்பது உங்களுடையதா, போலியா என்று வாடிக்கையாளரால் சொல்ல முடியாது. 'தீபாவளி டாட் கமலம்லேம்ப்ஸ் டாட் இன்' என்று இன்ஷியலாகப் போட்டால் பெயர் மாறவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும். அதற்குத் தனிக் காசும் இல்லை.

பெரிய நிறுவனங்களே இங்கே சறுக்கியிருக்கின்றன. கடன் வரலாற்றுத் தகவல்களைத் திரட்டி வைக்கும் அமெரிக்க நிறுவனமான ஈக்விஃபேக்ஸ், 2017 செப்டம்பரில், சுமார் 14 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் திருடப்பட்டதாக அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் விவரம் தெரிந்துகொள்ளத் தன் சொந்தத் தளத்திலேயே ஒரு மூலையை ஒதுக்கியிருக்கலாம். அதைச் செய்யாமல் 'ஈக்விஃபேக்ஸ்செக்யூரிட்டி2017' என்று புதிதாக ஒரு டொமைன் வாங்கியது. நிக் ஸ்வீட்டிங் என்ற மென்பொருள் வல்லுநர், இது எவ்வளவு அபத்தம் என்று காட்டுவதற்காகவே, சொற்களை முன்பின் மாற்றி 'செக்யூரிட்டிஈக்விஃபேக்ஸ்2017' என்று ஒரு போலித் தளத்தை எழுப்பினார். நிறுவனத்தின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கே அந்தப் போலித் தளத்துக்கு மக்களைப் பலமுறை அனுப்பிவைத்தது. சொந்த ஊழியருக்கே அடையாளம் தெரியாத பெயரை வாடிக்கையாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

பூட்டுச் சின்னத்தைப் பார்த்தால் போதும் என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு சாட்சி. மறுமுனையில் இருப்பவன் யோக்கியன் என்பதற்கு அல்ல. அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனுக்கும். 2023-இல் குரோம் உலாவி அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

வால் எதுவாக இருக்க வேண்டும்

தமிழ்நாட்டில் கடை, இந்தியாவில் வாடிக்கையாளர் என்றால் டாட் இன் போதும். வெளிநாட்டுக்கும் விளக்கு அனுப்புவதாக இருந்தால் டாட் காமும் சேர்த்து வாங்கி, இரண்டும் ஒரே தளத்துக்குப் போகும்படி செய்துவிடுங்கள். டாட் காம் ஏற்கெனவே வேறொருவரிடம் இருந்தால், அதுவும் அவர் அதே தொழிலில் இருந்தால், டாட் இன்னை மட்டும் வாங்கித் திருப்தியடையாதீர்கள். பழக்கதோஷத்தில் டாட் காம் அடிக்கும் பாதிப் பேர் அவர் கடையில் போய் நிற்பார்கள். வேறு பெயர் தேடுவதே நல்லது.

சில வால்கள் எல்லோருக்கும் கிடைக்காதவை. டாட் ஜிஓவி டாட் இன் அரசுக்கு மட்டும். டாட் ஏசி டாட் இன் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் என்ற வாலுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற அமைப்பு ஒன்றுதான் அந்த வாலைப் பதிந்து தரும். வங்கி அல்லாதவர் காசு கொடுத்தாலும் கிடைக்காது. வாசலில் ஆள் நிறுத்தி யாரென்று விசாரித்து உள்ளே விடும் தெரு அது.

நேர்மாறான தெருவும் உண்டு. நியூசிலாந்தின் ஆளுகைக்கு உட்பட்ட டோக்கெலாவ் என்ற சின்னஞ்சிறு தீவுக்கூட்டத்துக்கு உரிய டாட் டிகே என்ற வாலை ஃப்ரீநாம் என்ற நிறுவனம் இலவசமாகவே அள்ளிக் கொடுத்தது. மாலி, காபோன் உள்ளிட்ட சில ஆப்பிரிக்க நாடுகளின் வால்களையும் அப்படியே கொடுத்தது. இலவசம் என்றதும் மோசடிக்காரர்கள் கும்பலாகக் குடியேறினார்கள். மெட்டா நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2023-இல் புதிய பதிவுகள் நின்றன. 2024-இல் ஃப்ரீநாம் அந்தத் தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது. அந்த வால்களில் நேர்மையாகக் கடை வைத்திருந்தவர்களும் சேர்ந்தே கெட்ட பெயர் வாங்கினார்கள். முதல் ஆண்டு நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் புதுப்புது வால்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஞாபகம்தான் வரும். இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பல மடங்கு சொல்வார்கள்.

நாகரிகத்துக்காகப் பிற நாட்டு வாலை வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். இரண்டெழுத்து வால் ஒவ்வொன்றும் ஒரு நாட்டுக்கோ ஆட்சிப்பகுதிக்கோ, டாட் இயூபோல ஒரு நாடுகளின் ஒன்றியத்துக்கோ உரியது. அங்கே சட்டம் மாறினால் உங்கள் பெயரும் ஆடும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறியபோது, டாட் இயூ வைத்திருந்த பிரிட்டன்காரர்கள் பலரின் பெயர்கள் 2021 தொடக்கத்தில் முடக்கப்பட்டன. அவர்கள் செய்த தவறு எதுவுமில்லை.

அடுத்தவர் பெயர்போல ஒலிக்கும் பெயரும் ஆபத்து. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, 'சிஃபி' என்று தொடங்கும் டொமைன்களை 1999-இல் பதிந்து வைத்திருந்தது. 2001-இல் வேறொரு நிறுவனம் நடுவில் ஓர் எஃப் மட்டும் கூடுதலாகப் போட்டு 'சிஃபிநெட்' என்று பதிந்தது. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். வழக்கு பெங்களூரில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. டொமைனுக்கும் வணிகக் குறியீட்டுக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று 2004-இல் தீர்ப்பானது, சத்யம் வென்றது. ஆகவே பெயர் பிடித்துப்போனால், வணிகக் குறியீட்டுப் பதிவகத்தின் இணையதளத்தில் அதே மாதிரி ஒலிக்கும் பெயர் உங்கள் தொழிலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். தேடலுக்குக் கட்டணம் இல்லை.

பழைய குடித்தனக்காரரையும் விசாரியுங்கள். இன்று காலியாக இருக்கும் பெயரை ஐந்து வருடத்துக்கு முன்பு யாராவது சூதாட்டத் தளத்துக்கு வைத்திருந்திருக்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் பெயரை அடித்தால் பழைய பக்கங்கள் தெரியும். அசிங்கமாக ஏதாவது கண்ணில் பட்டால் தள்ளிவிடுங்கள். அந்தப் பெயரிலிருந்து போகும் மெயில்கள் உங்கள் குற்றமே இல்லாமல் ஸ்பேமில் விழக்கூடும்.

பட்டா யார் பெயரில்?

பலர் ஏமாறும் இடம் இது. வெப்சைட் செய்துதரும் தம்பியிடம் "எல்லாத்தையும் நீயே பாத்துக்கப்பா" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் தன் கணக்கில், தன் மெயில் முகவரியில், சில நேரம் தன் பெயரிலேயே டொமைனைப் பதிந்துவிடுகிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. வேலை சுலபமாக முடிகிறது, அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து அவர் துபாய்க்குப் போய்விடுகிறார். புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில்கள் அவர் எப்போதோ பார்க்க மறந்த முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி பெயரில் நிலத்தைப் பதிந்ததுபோல.

ஆகவே டொமைன் பதிவாளரிடம் கணக்கை நீங்களே தொடங்குங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் கடையின் பெயரோ உங்கள் பெயரோ இருக்கட்டும். தொடர்பு மெயில் முகவரி நீங்கள் தினமும் திறப்பதாக இருக்க வேண்டும். அது அதே டொமைனில் உள்ள முகவரியாக இருக்கக்கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் சேர்ந்தே சாகும், எச்சரிக்கை உங்களை வந்தடையாது. இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள், பெயரை வேறு பதிவாளருக்கு மாற்றவிடாத மாற்றத்தடையையும் போட்டுவையுங்கள். வேறு பதிவாளருக்கு மாற்றும்போது தேவைப்படும் ரகசியக் குறியீட்டை யார் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். தம்பிக்கு வேலை செய்ய அனுமதி மட்டும் கொடுத்தால் போதும்.

புதுப்பிக்க மறப்பது சின்னக் கடைக்காரருக்கு மட்டும் நேர்வதல்ல. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் டொமைனுக்குப் பணம் கட்ட மறந்தது. ஹாட்மெயில் பலருக்குத் திறக்கவில்லை. மைக்கேல் சேனி என்ற புரோகிராமர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிப் புதுப்பித்துக் கொடுத்தார். உங்களுக்கு அப்படி ஒரு சேனி கிடைப்பார் என்று நம்ப வேண்டாம். டாட் காம் தவறினால் வழக்கமாகச் சில வாரச் சலுகை இருக்கும், அதன்பின் கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாள், பிறகு ஐந்து நாளில் பெயர் பொதுவில் வந்துவிடும். அதைப் பிடிக்க இயந்திரங்கள் காத்திருக்கின்றன. முதலிலேயே ஐந்து வருடத்துக்குக் கட்டிவிடுங்கள். டாட் காமை ஒரே தடவையில் 10 வருடம் வரை பதியலாம்.

தமிழிலேயே ஒரு வாசல்

தமிழ் எழுத்திலேயே முடியும் நாட்டு வால்கள் மூன்று உண்டு: டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர். முன்பு சொன்ன 36 வழித் தொல்லை இங்கே கிடையாது. 'விளக்கு' என்பதை எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். அந்தச் சொல்லின் இடம் இதுதான்.

ஆனால் இதை முன்வாசலாக வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். இணையத்தின் அடித்தளத்துக்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும் என்பதால் தமிழ்ப் பெயர் உள்ளுக்குள் புரியாத ஓர் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்படுகிறது. சில இடங்களில் அந்தக் கோவையே வெளியில் தெரிந்து, பார்ப்பவரைப் பயமுறுத்தும். மெயில் முகவரியாகக் கொடுத்தால் பல படிவங்கள் 'தவறான முகவரி' என்று திருப்பிவிடும்.

உருவ ஒற்றுமையும் இருக்கிறது. 2017-இல் ஷூடாங் ஜெங் என்ற ஆய்வாளர் ரஷ்ய மொழியும் பயன்படுத்தும் சிரிலிக் எழுத்துகளாலேயே முழுக்க 'ஆப்பிள்' என்று ஒரு டொமைன் பதிந்து காட்டினார். அன்றைய குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அசலிலிருந்து அதைக் கண்ணால் பிரித்தறிய முடியவில்லை. அதற்குப்பின் குரோம் விழித்துக்கொண்டது. தமிழுக்குள்ளேயே அப்படி உண்டு: தமிழ் எண் ௧-ஐயும் க-வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ௭-ஐயும் எ-வையும் பாருங்கள். ஔ என்பது ஒரே எழுத்து. ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்து அடித்தாலும் கண்ணுக்கு அதே தோற்றம்தான். கடைக்கு 'ஔவை' என்று பெயர் வைத்திருப்பவர் தமிழ் டொமைன் வாங்குவதற்கு முன், இரண்டு விதமாகவும் அடித்து, இரண்டாவதை வேறு யாருக்கும் விற்பார்களா என்று பதிவாளரிடம் கேட்டுவிட வேண்டும்.

தமிழ் டொமைனை வாங்கி, ஆங்கில எழுத்து டொமைனுக்குத் திருப்பிவிடுங்கள். பெயர்ப்பலகையிலும் துணிப்பையிலும் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சடிக்கலாம். அச்சகத்தில் புரூஃப் வந்ததும், பார்த்துத் திருத்துவதோடு விடாதீர்கள். வேறொருவரிடம் கொடுத்து, அவர் போனில் அதை அப்படியே அடித்து உங்கள் கடைப் பக்கம் திறக்கிற வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.